சோணைமுத்து மேஸ்திரி வைத்த பொட்டு

இருட்டின பிறகு மூடிய அறைக்குள் 'டொக்' என்று சத்தம் கேட்டால், எங்கள் தொழிலில் ஓடக் கூடாது. கிட்டப் போய் எந்த விளக்கு எரிகிறதென்று பார்க்க வேண்டும். நான் ஓடினேன்.

திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லின் சோதனை அறை. நூல் எல்லா இடத்திலும் ஒரே பருமனாக இருக்கிறதா என்று ஊசி ஆட்டிக் காட்டும் மின்சார யந்திரம் ஒன்று வந்திறங்கியிருந்தது. கான்வென்டில் படித்த இங்கிலீஷ் அதன் புத்தகத்தைப் படிக்கப் போதும் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள். கார்த்திகை வரை தற்காலிகம், அப்புறம் மானேஜர் மனசு. லாரி ஷெட்டில் கை ஒடிந்து என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்தார், கைக்குழந்தை வேறு. மூன்று வயிறும் அந்த ஊசி முனையில்தான் நின்றன. தற்காலிக வேலையில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

அன்று சத்தம் கேட்டு, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வராந்தாவுக்கு ஓடிவந்தவளை ஸ்பின்னிங் மேஸ்திரி சோணைமுத்து பிடித்து நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார். அணைத்த யந்திரத்தின் தகரம் சூடு ஆறுகிற சத்தம்தான்.

"ஏந்தாயி, அதக் கண்டு நீங்க பயந்தீகளா, உங்களக் கண்டு அது பயந்துச்சா?"

மூன்று விளக்குகள்

யந்திரத்தின் முகத்தில் மூன்று விளக்குகள். பச்சை என்றால் தயார். மஞ்சள் என்றால் இன்னும் சூடேறுகிறது, தொடாதே. சிவப்பு என்றால் ஊசி எல்லை தாண்டிவிட்டது, அளவு மாற்றும் திருகைப் பெரிய அளவுக்குத் திருப்பு, இந்தக் கணக்கைச் சேர்க்காதே. ஊசி இறங்கினாலும் சிவப்பு தானாக அணையாது. நாம் பார்த்து, பக்கத்துப் பொத்தானை அழுத்தினால்தான் அணையும்.

சிவப்பு குறை சொல்வது யந்திரத்தின் திருகை, நூலை அல்ல. இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் மில்லில் ஒருவரும் நம்பவில்லை. சிவப்பு எரிந்தால் தங்கள் நூலைத் திட்டுகிறது என்றே எண்ணினார்கள். ஒருநாள் நூல் சுற்றிய பாபினை மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மேஸ்திரி பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டிருக்கிறார். அணைத்தீர்களா என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பிள்ளைக்காரி, உங்களுக்கு எதுக்கு வம்புன்னு நாந்தேன் தாயி அமத்திவிட்டேன்."

வீட்டிலும்

இதையெல்லாம் வீட்டில் சொன்னது என் தப்பு. ஒரு சாயங்காலம் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பிள்ளை என் மேல் தாவப் பார்க்கிறது. ஒற்றைக் கையால் அதை இழுத்துப் பிடித்தபடி வீட்டுக்காரர் ரகசியம் போலச் சொன்னார்.

"அம்மாவுக்கு இன்னும் மஞ்ச வெளக்குதான்டா எரியுது. செத்த நேரம் தொடாத."

பூஜைக்கு மறுநாள்

ஆயுதபூஜைக்கு யந்திரங்களையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். எங்கள் யந்திரத்துக்கு மேஸ்திரியே வைத்தார். நெற்றி எதுவென்று தெரியாமல், மூன்று விளக்குகளையும் சந்தனத்தால் அப்பி நடுவில் குங்குமம் வைத்துவிட்டார்.

மறுநாள் மானேஜர் மேஸ்திரியோடு வந்து என் பின்னால் நின்றார். மேஸ்திரி பகுதியின் நூலை ஓட்டினேன். ஊசி கடைசிக் கோட்டில் போய் முட்டியது. வேறு பாபின், அதுவும் முட்டியது. நூலா இது, சாக்குக் கயிறா என்று மானேஜர் ஆரம்பித்தார். உன் பகுதியையே நிறுத்தப் போகிறேன் என்றார். மேஸ்திரி தலையைத் தொங்கப்போட்டார்.

ஊசி முட்டினால் சிவப்பு எரிய வேண்டுமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. குங்குமத்துக்குப் பின்னால் சிவப்பு எரிந்தால் யாருக்குத் தெரியும்? கோபத்தில் இருக்கிற மானேஜரிடம், என் வேலையைக் கையில் வைத்திருப்பவரிடம், நீங்கள் திட்டுவது தப்பு, நானும் பார்க்காமல் ஓட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். "இந்தக் கணக்கு செல்லாது, சார்" என்றேன். முந்தானையை நனைத்து விளக்கைத் துடைத்தேன். சிவப்பு, கண்ணைப் பறிக்கிற மாதிரி.

பூஜைக்குத் துடைக்கும்போது யாரோ திருகை ஆகச் சிறிய அளவுக்குத் திருப்பியிருந்தார்கள். சரிசெய்து ஓட்டினேன். ஊசி நடுவில் சமர்த்தாக நின்றது.

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் வச்ச பொட்டே என் பொழப்புல மண்ணப் போடப் பாத்துச்சே, தாயி."

மானேஜர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"கார்த்திகைக்குக் காத்திருக்க வேண்டாம்மா, இந்த ரூம் இனி உங்க பொறுப்பு. எல்லாத்தையும் மறுபடி ஓட்டுங்க. முடியுறவரைக்கும் நானே வந்து தட்டினாலும் திறக்காதீங்க."

மேஸ்திரியும் மானேஜரும் வெளியே நிற்க, உள்ளே இருந்து நாமே தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வதற்குப் பெயர்தான் எங்கள் தொழிலில் வேலை நிரந்தரம். நானும் போட்டுக்கொண்டேன்.