வளையலில் இருந்த ஊக்கு

அந்த அம்மாவை விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஒரே ஒரு முறை பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். புதுச்சேரியில் வெளிநாட்டார் தங்கும் விடுதியொன்றில் சமையல் வேலையாம். இடது கை வளையலில் ஐந்து ஊக்குகள் கோத்திருந்தார். பேசும்போதெல்லாம் விரலால் அவற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

என் மடியில் ஆறு பேரிக்காய்கள்.

"எதுக்கு சார் இவ்ளோ? ஜூஸ் கடையா?"

சொன்னேன். பல்லெல்லாம் பிடுங்கியபின் பதினொரு நாளாக என் மனைவி கஞ்சிதான் குடிக்கிறாள். சர்க்கரைப் பாகில் பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டுப் பேரிக்காயை வேகவைத்துத் தரலாம் என்று இரண்டு முறை முயன்றேன். இருபது நிமிடத்தில் கல்லாக இருந்தது, முப்பதில் கூழாகிவிட்டது.

"இருபத்தஞ்சு நிமிஷம் வெச்சா சரியா வருமாம்மா?"

"கடியாரத்தையே பாத்துக்கினு இருந்தா எப்டி சார்? ஒவ்வொரு காயும் ஒரு மாதிரி. குத்திப் பாருங்க. உள்ள லேசா போவணும், இழுக்கும்போது கொஞ்சம் புடிக்கணும். ஒடனே எறக்கிடுங்க."

வளையலிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"நல்லா கழுவிட்டுக் குத்துங்க. வூட்டம்மா சாப்டட்டும்."

கூட்டேரிப்பட்டில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று மாலை என் மனைவி ஒரு பழத்தை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள். எத்தனை நிமிடம் வெந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

ஊக்கு என் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் வளையலில் இப்போது நான்குதான் இருக்கும். அதுதான் உறுத்துகிறது.