எந்த ரம்யா?

நான் வேலை பார்க்கும் அயர்லாந்து முதியோர் இல்லத்தில், "இவர் மேரி" என்று சொன்னால் அறிமுகம் முடிந்தது. எந்த மேரி, யார் வீட்டு மேரி என்று நான் சேர்ந்த புதிதில் ஒருவரும் கேட்டதில்லை. எனக்கோ கதையைப் பாதியில் நிறுத்தினாற்போல் இருக்கும்.

எங்கள் ஊர் வடகரப்பதியில் இது நடக்காது. பழனிசாமி வந்தார் என்று யாராவது சொன்னால் அம்மா உடனே, "எந்தப் பழனிசாமிங்க?" என்பார்.

"கண்ணாலத்தன்னிக்குக் கெணத்துல உளுந்தாரே, அவருங்க."

"அப்படிச் சொல்லுங்க!"

பேரன் பிறந்த பிறகும் பழனிசாமி அந்தக் கிணற்றைவிட்டு ஏறவில்லை. எங்கள் தோட்டத்தின் பேரால் நான் அங்கே மேட்டாங்காட்டு ரம்யா.

அந்தப் பழக்கத்தில், ஷிஃப்ட் முடிந்து எழுதும் குறிப்பிலும் 'பசு வளர்த்த மேரி சாப்பிடவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தேன். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. ஆகாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். மேலாளர் ஃபியோனா சிவப்புப் பேனாவோடு வந்தார். "இங்கே ஒரே மேரிதானே, பசு இல்லாமலும் யாரென்று தெரிகிறதே? அப்படியென்றால் அது கூடுதல் செய்தி. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு பக்கமும் கமா உண்டு; போடு, இல்லாவிட்டால் பசுவை எடுத்துவிடு" என்றார். நான் சரியென்று நம்மூர்ப்படி தலையாட்டினேன். மறுக்கிறேன் என்று நினைத்து, முதலிலிருந்து மறுபடி விளக்கினார்.

பயத்தில் பசுவை எடுத்துவிட்டேன். அடுத்த வாரமே எதிர் அறைக்கு இன்னொரு மேரி வந்தார். பழைய மேரிக்குத் தலைசுற்றல். டாக்டர் சொன்னபடி 'மேரிக்கு இன்று மாலை மாத்திரை வேண்டாம்' என்று எழுதிவிட்டு, வீட்டுக்குக் கிளம்பக் குளிர்கோட்டு மாட்டினேன். புது நர்ஸ், நான் எழுதியது எதிர் அறை மேரியை என்று நினைத்து, மாத்திரையோடு பழைய மேரியின் அறைக்குள் நுழைவது தெரிந்தது. "பசு வளர்த்த மேரிக்குக் கொடுக்காதே!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். மாத்திரை கிண்ணத்திலேயே நின்றது. என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

ஃபியோனா குறிப்பைப் பார்த்தார். பசுவைத் தன் கையாலேயே திரும்ப எழுதினார். "இனி இதற்குக் கமா கிடையாது. இதை எடுத்தால் ஆளே மாறிவிடும்" என்றார். அந்த மாதமே வேலையும் நிரந்தரமாயிற்று. சந்தோஷத்தில் இரண்டு மேரிகளுக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

இப்போது கோட்டயத்திலிருந்து இன்னொரு ரம்யா வேலைக்கு வந்திருக்கிறாள். "எந்த ரம்யா?" என்று இங்கேயும் கேட்கிறார்கள். "வடகரப்பதி ரம்யா" என்று ஃபியோனா நாக்கைச் சுளுக்கிக்கொண்டு சொல்லும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அங்கே பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்த சத்தம் கேட்டது.

"போன்ல ஆருங்க?"

"ரம்யாங்க."

"எந்த ரம்யாங்க?"

மேட்டாங்காட்டுக்காகக் காத்திருந்தேன். அம்மா யோசிக்கவே இல்லை.

"அயர்லாந்து ரம்யாங்க."