இங்குட்டு, அங்குட்டு

எங்கள் பட்டறையில் இரண்டு பங்காளிகள். ஒருவனுக்கு வெல்டிங் தெரியும். இன்னொருவன் நான்.

வெல்டிங் தவிர மற்ற எல்லாம் எனக்குத் தெரியும் என்று நானாக முடிவு செய்திருந்தேன். காரைக்குடி நூலகத்துக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகைகளை அட்டை முதல் அட்டை வரை படிப்பவன் நான். பட்டறையில் என் உத்தியோகம், வெல்டிங் மிஷினைச் சுழற்றும் டீசல் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவது. எழுபதுகளில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று கரண்டு ஆபீசுக்கே தெரியாது. ஆகவே எஞ்சினோடு ஒட்டிப்பிறந்த அந்த மிஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒருவரை ஒருவர் "பங்கு" என்றுதான் கூப்பிடுவோம். வாடா போடாவுக்குக் குறைவில்லை. என் கல்யாணத்தில் மாலையை எடுத்துக் கொடுத்ததே அவன் கைதான்.

வேலை கொண்டுவருகிறவர்கள் வாசலில் நின்று என்னிடம் கேட்பார்கள்: "ஆள் இல்லையா?" நான் முழு ஆளாக அவர்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

இந்தக் குறை தீர ஒரு பெட்டி வந்தது. வெளியூரில் ஆலை கட்டி முடித்த ஒரு கம்பெனி கழித்துப்போட்ட சாமான். சூட்கேஸ் அளவு இருக்கும். உள்ளே ஒரு கம்பிச் சுருள், கம்பியைத் தள்ளும் சின்ன மோட்டார். வெளியே துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி. விசையை அமுக்கினால் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். ராடு தீரத் தீர மாற்றும் தொல்லை இல்லை. பெட்டிக்கென்று தனிக் கரண்டும் வேண்டாம். எங்கள் எஞ்சின் மிஷின் தரும் கரண்டிலேயே மோட்டாரும் சுற்றும். இதையெல்லாம் கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். கேபிள்களை எப்படிச் செருகுவது என்ற பக்கத்தை மட்டும் எனக்கு முன்பே கரையான் படித்து முடித்திருந்தது.

மிஷினில் கேபிள் செருகும் இரண்டு இடத்திலும் பிளஸ், மைனஸ் குறிகள் எப்போதோ தேய்ந்துபோயின. அவனுக்கு இந்தப் பக்கம் "இங்குட்டு", அந்தப் பக்கம் "அங்குட்டு". ராடு வெல்டிங்குக்கு எப்போதும் இங்குட்டு. புதுப் பெட்டியையும் அப்படியே மாட்டி முதன்முதலில் அமுக்கியபோது கம்பி கடுகு மாதிரி வெடித்தது. அவன் மிஷின் பக்கம் போனான், ஏதோ செய்தான், திரும்பி வந்து அமுக்கினான். வெடிப்பு நின்று அப்பளம் பொரியும் சத்தம் கேட்டது. கம்பி உருகிப் படிந்த பற்று நூல் பிடித்த மாதிரி ஓடியது.

"என்னடா பண்ணுன?" என்று கேட்டேன். பதில் வருவதற்குள் வாசலில் கார் நின்றது. கோவிலூர் பக்கம் அரிசி மில் நடத்தும் ஆச்சி. நெல் அவிக்கும் தொட்டி எட்டு செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நான் ஓடினேன்.

"இது என்னப்பா, முறுக்கு உரல் மாதிரி?"

"அதேதான் ஆச்சி. அமுக்குனா வரும். கைவேலையே வேணாம். இனிமே ஆளை நம்பி உக்காந்திருக்க வேண்டியதில்ல. நானே பத்த வைப்பேன்."

ஆச்சி அவனைப் பார்த்தார். அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப காலையில மில்லுக்கு வந்து நீங்களே வச்சுக் காட்டுங்க. சரியா இருந்தா எட்டும் உங்களுக்குத்தான்."

கார் போனதும் அவன் கேட்டான்: "காலையில எத்தனை மணிக்கு வரச் சொல்றீக?" ஏழு மணி என்றேன். வேறெதையும் நான் கவனிக்கவில்லை.

காலையில் எஞ்சின், மிஷின், பெட்டி எல்லாவற்றையும் மில்லுக்கு ஏற்றிப்போனோம். கேபிள்களை அவன்தான் செருகினான். பெட்டியின் சின்னக் கிளிப்பைத் தகட்டில் கடிக்க வைத்தேன். அது புத்தகத்தில் கரையான் தொடாத பக்கம். முகமூடியை இறக்கி, மில் ஆட்கள் சூழ்ந்து நிற்க, அமுக்கினேன்.

கடுகு வெடித்தது. பெட்டியில் இருந்த திருகுகளை எல்லாம் திருகினேன். வெடித்துக்கொண்டே இருந்தது. முகமூடியைத் தூக்கிப் பார்த்தால், புழு அரித்த கத்தரிக்காய் மாதிரி ஒரு பற்று.

"தம்பி, முறுக்கு உதிருதே," என்றார் ஆச்சி. மில்லே சிரித்தது. நான் அவனைத் தேடினேன். அவன் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். என் உத்தியோகம். சொட்டுச் சிந்தாமல் செய்தான்.

"நீ வாப்பா," என்று ஆச்சி அவனைக் கூப்பிட்டார். குடத்தை இறக்கி வைத்தான். எல்லார் முன்னாலும் இரண்டு கேபிள்களையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினான். துப்பாக்கியை வாங்கி அமுக்கினான். அப்பளம் பொரிந்தது.

"அமுக்குனா வரும்னீகளே தம்பி," என்றார் ஆச்சி. "ஆளைப் பாத்துத்தான் வருமோ?"

எட்டுத் தொட்டியும் எங்களுக்குக் கிடைத்தது. அவன் பற்ற வைப்பதானால் மட்டும்.

எஞ்சினை அணைத்த பிறகு கேட்டேன். "தெரிஞ்சுதான மாத்தி மாட்டுன?"

"எப்பயும் மாட்டுற மாதிரி இங்குட்டு மாட்டுனேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லடா?"

"நேத்துக் கேட்டீக. பதிலுக்கு நிக்கல. ஆளை நம்ப வேண்டியதில்லன்னு சொல்ல ஆச்சிகிட்டப் போயிட்டீக."

அந்த 'ஈக' அப்போதுதான் காதில் விழுந்தது. முந்தின நாள் சாயங்காலமும் அதுதான் வந்திருக்கிறது. நான் மணியை மட்டும் கேட்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அவன் எனக்கு ஒருநாளும் மரியாதை கொடுத்தவனில்லை.

நான் பேசியது தப்பு. ஆனால் தெரிந்தே என்னை அத்தனை பேர் முன்னால் நிறுத்தி வெடிக்க விட்டதற்கு நியாயமே கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். எட்டுத் தொட்டிகளையும் அந்த முறுக்கு உரலிலேயே அவன் பற்ற வைத்தான். நான் தண்ணீர் ஊற்றினேன். அதன் பிறகும் பல வருஷம் அதே பட்டறைதான். "எஞ்சினை நிறுத்துங்க" என்பான். "சாப்பிட வாரீகளா?" என்பான். நான் மட்டும் விடாமல் "பங்கு" என்று கூப்பிடுவேன்.

திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க" என்பான்.