ரிசல்ட் வரும்வரை மெட்ராஸ்

லீவில் ஊருக்கு வருகிறவனுக்கு ஒரே ஆசைதான் இருக்கும். தூங்க வேண்டும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் கத்தாரில் ஏசி மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு மாதம் திருத்தணிக்கு வருகிறேன். அந்த மாதம் முழுக்க யாராவது என்னை எங்காவது இழுத்துக்கொண்டு போவார்கள். கூழ் வார்க்கிற இடத்துக்கு, ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்க, யாரோ நிலம் அளக்கிறபோது சும்மா பக்கத்தில் நிற்க. இந்த ஆடியில் என் கூட்டாளிகள் இரண்டு பேர் சேர்ந்து மெட்ராஸைச் சுற்றிக் காட்ட இழுத்துப் போனார்கள்.

எங்கள் ஊரிலிருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம். ஆனாலும் மெட்ராஸை யாரும் சுற்றிப் பார்த்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், கோர்ட்டுக்குப் போவார்கள், என்னை மாதிரி ஆளை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு அழுதுகொண்டே திரும்புவார்கள். இந்த முறையும் காரணம் இல்லாமல் போகவில்லை. கூட்டாளிகளில் ஒருவன் கே.ஜி.கண்டிகைக்கும் திருத்தணிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுடைய அப்பா போன வருஷமே என்னைப் பிடித்துக்கொண்டார். "எப்டியாச்சும் இவன உங்கூட இட்டுனு போயிடுப்பா." நானும் எங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லிச் சொல்லி விசா வாங்கினேன். பாக்கி இருந்தது மெடிக்கல் டெஸ்ட் மட்டும். வெள்ளிக்கிழமை மெட்ராஸுக்கு வந்து ரத்தம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தாயிற்று. ஞாயிறு சாயங்காலத்துக்குள் ரிசல்ட் போனிலேயே வந்துவிடும் என்றார்கள். ஃபிட் என்று வந்தால் என்னோடு விமானம் ஏறுவான். அன்ஃபிட் என்று வந்தால் அதோடு சரி, ஆட்டோதான்.

அதுவரை ஊருக்குப் போய் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது, இங்கேயே ரூம் போட்டுச் சுற்றிப் பார்க்கலாம் என்று கிளப்பியவன் இன்னொரு கூட்டாளி. மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கிறவன். உற்சாகத்துக்குக் குறைவே இல்லாத ஆள். எனக்கு அவனைப் பார்த்தாலே களைப்பாக இருக்கும்.

இதில் ஒரு சிக்கல். ஆட்டோக்காரன் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருந்தான். மஞ்சள் வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், காலில் செருப்பு இல்லை. காலையும் மாலையும் குளிக்க வேண்டும், கவிச்சி சமைக்கிற ஓட்டலில் கைநனைக்கக் கூடாது. மாலை போட்டவனை வாடா போடா என்று கூப்பிடவும் கூடாது, சாமி என்றுதான் சொல்ல வேண்டும். ஒண்ணாங்கிளாஸிலிருந்து ஒன்றாக உதை வாங்கியவனை "வாங்க சாமி, போங்க சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டு திரிவது எனக்குக் கொஞ்ச நேரம் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் அதுவும் வேலையாகிவிட்டது. என்ன வேண்டுதல் என்று நாங்கள் கேட்கவில்லை. வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்பார்கள். மெடிக்கலுக்கு நிற்கிறவன் என்ன வேண்டிக்கொள்வான் என்று கேட்டுத்தான் தெரிய வேண்டுமா?

திருவல்லிக்கேணியில் ரூம். சனிக்கிழமை விடிந்ததும் பூக்கடைக்காரன் எங்களை எழுப்பிவிட்டான். மியூசியத்தில் ஆரம்பித்தோம். அவன் ஒவ்வொரு சிலைக்கும் பக்கத்தில் என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தான். நான் சிலையைப் பார்க்கவில்லை. எங்கே போனாலும் என் கண் கூரைக்குத்தான் போகிறது. எந்த ஏசி சொட்டுகிறது, எந்த பைப்புக்கு உறை கிழிந்திருக்கிறது, இதுதான் தெரிகிறது. பிழைப்பு புத்தி.

"அங்க இத விட பெருசு பெருசா கட்டடம் பாத்திருப்பே, இல்ல?" என்று பூக்கடைக்காரன் கேட்டான்.

"ஆங், பாத்திருக்கேன்" என்றேன். அந்த ஊரின் பெரிய கட்டடங்களை எல்லாம் நான் மொட்டை மாடியில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். மெஷின் அங்கேதான் இருக்கும். பின்பக்கச் சரக்கு லிஃப்டில் ஏற்றி, அதிலேயே இறக்கிவிடுவார்கள். முன்வாசல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை.

வெயில் ஏறியதும் சாமியின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. தார் ரோட்டில் குதித்துக் குதித்து நடந்தான். நிழல் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ரோட்டை மாற்றி மாற்றிக் கடந்தோம். ஒரு பெரிய மாலுக்குள் நுழைந்தபோது வாசலில் இருந்த செக்யூரிட்டி அவன் வெறுங்காலையே பார்த்தார். ஓடுகிற படிக்கட்டில் கால் விரல் மாட்டிக்கொள்ளும் என்று பயந்து, மூன்று பேரும் சாதாரணப் படியைத் தேடிப் பிடித்து ஏறினோம். மேலே போனால் அவன் சாப்பிடுகிற மாதிரி ஒன்றும் இல்லை. ஒரு வாழைப்பழத்துக்காக ஏறின படியெல்லாம் இறங்கி ரோட்டுக்கு வந்தோம். எனக்கு இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது.

பழத்தை உரித்துக்கொண்டே சாமி கேட்டான்: "நெஞ்சுல பழைய தழும்பு இருந்தா அன்ஃபிட்டு போட்டுடுவாங்களாமே? சின்ன வயசுல எனக்கு ரொம்ப நாளு இருமல் இருந்துச்சே."

"ஒண்ணும் ஆவாது சாமி. கல்லு மாதிரி இருக்கீங்க" என்றான் பூக்கடைக்காரன்.

"எக்ஸ்ரேல தெரிஞ்சிடும்ன்றாங்களே?"

"அதெல்லாம் தெரியாது, பயப்படாதீங்க" என்றேன் நான். ராத்திரி படுக்கும்போதும் அதையே கேட்டான். ஞாயிறு காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே இன்னொரு தரம் கேட்டான். பாவம், பயத்தில் புலம்புகிறான் என்று நாங்களும் சளைக்காமல் தைரியம் சொன்னோம். நல்ல நெஞ்சு, நல்ல ரத்தம், முருகன் கைவிட மாட்டான். அவன் தலையாட்டிக்கொண்டான்.

ஞாயிறு சாயங்காலம் மெரினா. மணல் ஆறியிருந்தது. கூட்டமான கூட்டம். அலையில் கால் நனைத்தபோது சாமி முகத்தைச் சுளித்தான். குதிகால் கொப்புளத்தில் உப்புத் தண்ணீர் பட்டுவிட்டது. அப்போதுதான் போனில் மெசேஜ் வந்த சத்தம். அவன் அதைத் தொடவில்லை, பூக்கடைக்காரனிடம் நீட்டினான்.

"ஃபிட்டு! சாமி, ஃபிட்டு!" பூக்கடைக்காரன் போட்ட சத்தத்தில் பக்கத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான், என்னையும் ஒரு குத்துக் குத்தினான். ஸ்வீட் வாங்காமல் ஊருக்குப் போகக்கூடாது என்று, போனைச் சாமி கையில் திணித்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினான். எனக்கும் நிம்மதிதான். சூப்பர்வைசரிடம் தலை குனிய வேண்டாம்.

சாமி மணலில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னா சாமி, சந்தோஷமா இல்லியா?"

"நான் வேண்டிகினது இது இல்லடா."

எனக்குப் புரியவில்லை.

"அன்ஃபிட்டுன்னு வரணும்னுதான் மாலை போட்டேன். போவ மாட்டேன்னு என் வாயால நைனா கிட்ட சொல்ல முடியல. அண்ணன், மாமனாரு, எல்லாம் போய்தான் ஆவணும்னு ஒரே புடியா நிக்கிறாங்க. டாக்டரு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க இல்ல?"

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். யார் யார் காலிலோ விழுந்து வாங்கின விசா. ஆனால் இரண்டு நாள் நடந்த களைப்பில் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. இரண்டு நாளாக அவன் எதற்காகக் கேட்டானோ அதற்கு நேர் எதிராகத் தைரியம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம். அதை நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சாமி?"

"நீ வருஷா வருஷம் போயிகினுதானே இருக்கே. ஒரு தடவகூட வேணாம்னு சொன்னதில்ல. உனக்கு அது புடிச்சிருக்குதுன்னு நெனச்சேன்."



"காவடி?" என்று கேட்டேன்.

"எடுக்கறன்னு சொல்லிட்டனே. எடுத்துதான் ஆவணும்."

அவனை அனுப்ப வேண்டாம் என்று அவன் வீட்டில் நான் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவன் போன் அடித்தது. அவனுடைய அப்பா. பூக்கடைக்காரன் ஓடும்போதே ஊருக்குச் சொல்லியிருப்பான்.  சாமி எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினான், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஆங், நைனா! ஃபிட்டு வந்துட்ச்சி நைனா! ரொம்ப சந்தோஷம். இல்ல இல்ல, அலைச்சல் ஒண்ணும் இல்ல. ஆங், வேளா வேளைக்கு சாப்ட்டுகினு இருக்கேன். இங்க எல்லாம் நல்லாதான் இருக்குது, நீ ஒண்ணும் கவலப்படாத."

அவன் இன்னும் மெரினாவைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் கத்தாரிலிருந்து என் அம்மாவிடம் பேசுவது அந்தக் குரல்தான்.