பொம்மையின் முதுகுப்பக்கம்

என் அக்காவுக்குக் கடையில் பொம்மைக்காரி என்று பெயர். மூன்று மாடித் துணிக்கடை அது. வாசல் கண்ணாடிக்குள் நிற்கிற பதினொரு பொம்மைகளுக்கும் உடுத்திவிடுவதுதான் அவள் வேலை. திங்கட்கிழமை தோறும் கடை திறக்குமுன் போய்ப் பழைய உடுப்பைக் கழற்றிப் புதியதைப் போட்டு, ஒரு பொம்மையின் கையைத் திருப்பி, இன்னொன்றின் தலையைச் சாய்த்து நிறுத்துவாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் உள்ளே வந்துவிடுவார்கள். அப்படி ஒரு கைராசி.

அந்தக் கைராசியில் முதலில் விழுந்தவள் அவளேதான். பொம்மைக்கு எதைப் போட்டாலும் அந்த வாரமே அதில் ஒன்று அவள் வீட்டுக்கு வந்துவிடும். ஊழியர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்பது நல்ல சாக்கு. "சும்மா கிடைக்கிற மாதிரிடி" என்பாள். இரண்டு பீரோ நிரம்பியது, கட்டிலுக்கடியில் நிரம்பியது, பிறகு பைகள் உள் அறைக்குள் போக ஆரம்பித்தன. இவ்வளவும் வைத்துக்கொண்டு தினமும் காலையில் பீரோவைத் திறந்து நின்று, "போட்டுக்க ஒண்ணுமே இல்ல" என்று புலம்புவாள் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஊசி குத்துகிறவள். என் வாயும் ஊசிதான் என்று அக்கா சொல்வாள். "உனக்கு ரத்தம் எடுத்தா நூல்தான் வரும்" என்று அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவளும் சளைக்காமல் சத்தியம் செய்வாள். பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்பார்களே, என் அக்காவுடையது பில் வைராக்கியம். பில்லைப் பார்த்ததும் வரும், அடுத்த திங்கட்கிழமை போய்விடும்.

அத்தானுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி கடலில் இருப்பார். வீட்டில் அக்காவும் அவளுடைய ஒரே மகளும்தான். மகளுக்கு அப்போது பதினாறு வயது. என்னைவிட ஒரு சாண் உயரம், ஆனாலும் நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். பைகள் புகுந்த அந்த உள் அறை அவளுடையது. கட்டிலில் பாதி துணிக்கு, பாதி அவளுக்கு. அவள் ஒன்றும் சொல்லவில்லை, துணி அவள் படிக்கிற மேசையைப் பிடிக்கிறவரைக்கும்.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக ஐஸ் குச்சிகளை ஒட்டி ஒரு பாலம் கட்டியிருந்தாள் குட்டி. இரண்டு வார வேலை. பசை காயட்டும் என்று மேசைமேல் வைத்து, தூசி படாமல் செய்தித்தாள் போர்த்திவிட்டுக் குளிக்கப் போனாள். அக்கா கடையிலிருந்து மூன்று பைகளோடு வந்தாள். கை வலி, வைக்க வேறு இடமில்லை. செய்தித்தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பைகளை மேசைமேல் இறக்கினாள். பாலம் நொறுங்கிய சத்தம் குளியலறைவரை கேட்டதாம்.

குட்டி கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். புத்தகங்களைப் பையில் அடைத்துக்கொண்டு, ஈரத் தலையோடு நடந்தே என் வீட்டுக்கு வந்து நின்றாள். "சித்தி, நான் இங்க இருக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அக்கா அழுதுகொண்டு வந்தாள். "கண்ணு, இனிமே வாங்கவே மாட்டேன். வா, வீட்டுக்குப் போலாம்."

"இத நான் அஞ்சு வயசுலேருந்து கேக்கறேன்மா."

"இந்த தடவை நெஜமா."

"அப்ப ஒரு வருஷம். ஒரு துணி கூட வாங்காம இரு. அந்த ரூம காலி பண்ணு. அப்புறம் வரேன். நடுவுல ஒரே ஒண்ணு வாங்கினாலும் ஸ்கூல் முடியற வரைக்கும் சித்தி வீட்டுலதான் இருப்பேன்."

ஒரு வருஷம் மூச்சு விடாதே என்று சொன்னதுபோல அக்கா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பெற்ற மகள் போட்ட நிபந்தனை, நடுவில் நான் யார் பேச?

அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா என்னைத் துணைக்கு அழைத்தாள். உள்ளதையெல்லாம் இழுத்துத் தரையில் போட்டோம். அறைக்குள் இடுப்பளவு துணி. அடக் கடவுளே, ஒரே நீலச் சட்டை நாலு! நாலிலும் விலைச்சீட்டு தொங்குகிறது. "ஒண்ணு வாங்கினது மறந்து போச்சு" என்றாள். "மூணு தடவையா மறந்தே?" என்றேன். சரி, போட்டுக் காட்டு என்றால் பொத்தான் எட்டவில்லை. அடுத்ததை எடுத்தாள், தோளில் இறுக்கிப் பிடித்தது. அதற்கடுத்தது தலைக்குக் கீழேயே இறங்க மறுத்தது. பாதிக்குமேல் இப்படித்தான். எல்லாம் பொம்மைக்குப் போடுகிற சின்ன அளவு. பொம்மைக்குத்தான் வயிறு கிடையாதே, பிள்ளையா பெற்றது அது?

கடையில் கழித்துப்போட்ட பொம்மை ஒன்று அக்கா வீட்டு மூலையில் நின்றது. இடது கை இல்லாதது. ஆத்திரத்தில் அந்த நீலச் சட்டையை எடுத்து அதற்குப் போட்டாள். அவளுக்குப் பொத்தான் எட்டாத அதுவே பொம்மைக்குத் தொளதொளவென்று இருந்தது. அக்காவின் கை தானாகப் பைக்குள் போய்க் கிளிப்புகளை எடுத்தது. முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்து ஆறு கிளிப்புப் போட்டாள். முன்னால் வந்து நின்று, "எவ்வளவு எடுப்பா இருக்கு, பாரேன்" என்றாள்.

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏழாவது கிளிப்பு இன்னும் கையில் இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தாள். முன்னால் வந்து பார்த்தாள். பிறகு துணிக்குவியல்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏமாத்தறதும் நான்தான்டி, ஏமாந்ததும் நான்தான்."

பதினாலு வருஷமாகத் தன் கையால் கிளிப்பு மாட்டி, தானே முன்னால் வந்து மயங்கி, தானே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்! நான் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாலம் நொறுங்கிய மேசையைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். உடம்புக்குச் சேராததெல்லாம் வெளியே போனது. ஒல்லியான பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு சட்டை, என் பரிசோதனைக்கூடத்துப் பெண்களுக்கு இரண்டு மூட்டை. சேர்ந்ததிலும் ஒரு சட்டம் போட்டாள்: வேறு மூன்று துணியோடு ஜோடி சேராத எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. கடைசியில் மிஞ்சியது நாற்பத்தி ஒன்று. ஒரு பீரோவில் பாதி.

அதற்குப் பிறகுதான் தொழில்காரியின் சாமர்த்தியம் தெரிந்தது. பத்து உருப்படியை வைத்து ஒரு மாசத்துக்கு வாசல் கண்ணாடியை ஜோடிக்கத் தெரிந்தவள் இல்லையா? கவுனுக்கு மேல் சட்டையைப் பொத்தான் போடாமல் போட்டால் அது மேலங்கி. துப்பட்டாவை மடித்துக் கட்டினால் இடுப்புப் பட்டை. போன வாரம் பாவாடையோடு வந்த வெள்ளைச் சட்டை இந்த வாரம் கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து காலரை மட்டும் நீட்டும். முந்தின மாலையே அந்த ஒற்றைக் கைப் பொம்மைக்குப் போட்டுப் பார்ப்பாள், கிளிப்பு இல்லாமல். காலையில் புலம்பல் கிடையாது. ஐந்து நிமிஷத்தில் உடுத்திக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"புதுசா?" என்று கடையில் கேட்பார்களாம். "பழசு!" என்பாளாம். அந்த 'பழசு'வை அவள் சொல்கிற தோரணையைப் பார்க்க வேண்டுமே, பரிசு வாங்கினவள் தோற்றாள். ஆறாவது மாசம் வாடிக்கைக்காரி ஒருத்தி பொம்மைகளை விட்டுவிட்டு, "நீங்க போட்டிருக்கீங்களே, அது எந்த மாடியில?" என்று கேட்டிருக்கிறாள். மேலாளருக்கு மூக்குமேல் கோபம். "அம்மா, நீங்க கடைக்கு வேலை செய்யறீங்களா, பீரோவுக்கா?" என்றாராம். "வாசல் கண்ணாடிய குறை சொல்லுங்க, மாத்தறேன். என் பீரோவ ஏன் சார் இழுக்கறீங்க?" என்று இவள் கேட்டாளாம். அதுவரை அவருக்கு முன்னால் வாயே திறக்காதவள் என் அக்கா.

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டு வருஷமாக நான் தனியாக இருக்கிறவள். குட்டி வந்த முதல் வாரம், எப்போது போவாள் என்றிருந்தது. என் வீடு ஒன்றரை அறை. குளியலறை வாளியில் அவள் முடி, சமையலறையில் அவள் கணக்கு நோட்டு. பிறகு வேலை முடிந்து வரும்போது ஜன்னலில் விளக்கு எரிவதைப் பார்த்தேன். "சித்தி, இன்னிக்கு யார் கை நரம்பு கிடைக்கல?" என்று கதவைத் திறக்கும்போதே கேட்பாள். ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த தடியன்களின் கதையைச் சொன்னால் தரையில் உருண்டு சிரிப்பாள். என் கதைகளுக்கு இதற்குமுன் ஆளே கிடையாது. நாலாவது மாசம் வாக்கில், அக்கா தோற்றால் என்ன என்று தோன்றியது. எட்டாவது மாசம், தோற்கட்டும் என்றே தோன்றியது.

பதினோராவது மாசம் அந்த ஒரு மணி நேரம் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, பெரிய தள்ளுபடி தொடங்குகிற அன்று, வாசல் திறக்குமுன் ஒரு மணி நேரம் ஊழியர்களுக்கு மட்டும் பாதி விலை. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவரலாம். அக்கா என்னை அழைத்தாள். "என் கைய கெட்டியா பிடிச்சுக்கோ" என்றாள்.

நடுப் பொம்மைமேல் அரக்கு நிறத்தில் ஒரு கோட்டு. மூன்று வாரமாக அக்கா அதைத் துடைத்து, தடவி, காலரை நிமிர்த்தி வைத்திருக்கிறாள். அதன் முன்னால் போய் நின்றாள். சுற்றிலும் ஆட்கள் அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். அவள் உள்ளங்கை வியர்த்தது எனக்குத் தெரிந்தது. என் கையை உதறினாள். போச்சு என்று நினைத்தேன். என் நெஞ்சில் குபுக்கென்று ஒரு சந்தோஷம் வந்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவள் பொம்மையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். அங்கே வரிசையாக எட்டுக் கிளிப்பு. ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோட்டு பொம்மைமேல் மூட்டை மாதிரி தொங்கியது. "வாடி, டீ குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் வெறுங்கையோடு வெளியே வந்த ஊழியர் அவள் ஒருத்திதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சாயங்காலம் தனியாகத் திரும்பிப் போய் அந்தக் கோட்டை வாங்கினேன். பொம்மை அளவில் இல்லை, அக்கா அளவில். அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், "பரிசு. நீ வாங்கலையே, நான்தானே வாங்கினேன். குட்டிகிட்ட சொல்ல வேண்டாம்" என்றேன். அவள் போட்டுக்கொள்ளட்டும், குட்டி பார்க்கட்டும் என்பதுதான் என் கணக்கு. கூடப் பிறந்தவள் செய்கிற வேலையா இது?

அக்கா அதைப் போட்டுப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. பின்னால் ஒரு கிளிப்பும் தேவைப்படவில்லை. கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு கழற்றி, கடையில் மடிப்பதுபோல மடித்து, பைக்குள் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"எதுக்குடி வாங்கின?"

"உனக்கு நல்லா இருக்கும்னு…"

"பொய் சொல்லாத. அவ போயிடுவான்னு பயம்."

திட்டுவாள், வாசலைக் காட்டுவாள் என்று நின்றேன்.

"பதினோரு மாசமா காலியான வீட்டுக்கு நான்தானே திரும்பி வரேன்? எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும்னு?" என்றாள். அவ்வளவுதான், அவள் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன். "அழு, அழு. ஆனா நான் தோக்க மாட்டேன்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மறுநாள் கோட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமையோடு வருஷம் முடிந்தது. அன்று காலையிலேயே குட்டி தன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். நானும் சிரித்த முகமாகத்தான் நின்றேன். அக்கா வந்ததும் குட்டியின் பெட்டியைத் தூக்கவில்லை. நேரே உள்ளே போய் என் அலமாரியைத் திறந்து, என் உடுப்பில் நாலைந்தை எடுத்து ஒரு பையில் போட ஆரம்பித்தாள்.

"என் துணிய எதுக்கு எடுக்கற? மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" என்று கத்தினேன்.

"பேசாம வா" என்றாள்.

அந்த உள் அறையை நான் பார்த்தே மாசக்கணக்காகியிருந்தது. துணி இருந்த சுவடே இல்லை. ஜன்னல் முழுசாகத் திறந்து தரையெல்லாம் வெயில். படிக்கிற மேசைமேல் ஒரு விளக்கு, ஒரு கட்டு ஐஸ் குச்சி, ஒரு பசை டப்பா. கட்டில் இரண்டு. குட்டி அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் அம்மாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. நான் இரண்டாவது கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன முழிக்கற? வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சா நேரா இங்க வந்துடு. திங்கக்கிழமை போனா போதும்" என்றாள் அக்கா. "உனக்குத்தான் இத்தன நாளா இந்த வீட்டுல எடமே இல்லாம வச்சிருந்தேன்."

குட்டி அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கி, "சித்தி, ஜன்னல் பக்கக் கட்டில் எனக்கு" என்றாள்.

"அதெல்லாம் பெரியவங்களுக்கு" என்று சொல்லி, என் பையை முதலில் அதன்மேல் போட்டேன்.