கட்டைவிரலுக்கு வளர்த்த கற்றாழை

வாசலில் தலைகீழாகத் தொங்கிய கற்றாழை கண் திருஷ்டிக்கு. சமையலறை ஜன்னலோரம் பழைய பெயின்ட் வாளியில் வளர்ந்த கற்றாழை அப்பாவின் கட்டைவிரலுக்கு. ஆம்பூர்ப் பக்கம் எங்கள் தெருவில் போர் தண்ணீர் ஒரே உப்பு; வெளியே எதை நட்டாலும் கருகிவிடும். அதனால் அம்மா ஒடுகத்தூர் தாய்வீட்டிலிருந்து கன்றையும் மண்ணையும் பஸ்ஸில் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்தாள். நான் முகம் கழுவத் தொடக்கூடாத கேன் தண்ணீரில் அதற்கு மட்டும் பங்கு உண்டு. அந்தச் செடியின்மேல் எனக்கு அப்படியொரு பொறாமை!

அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. கையுறை கிழிந்தாலும் வேலை நிற்காது. சுண்ணாம்பு அரித்து அரித்து விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. கம்பெனி வாசலில் ரேகை மிஷின் வைக்கும்வரை அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எல்லார் விரலையும் எடுத்த மிஷின் அப்பாவுடையதை மட்டும் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் சூப்பர்வைசர் கையால் எழுதிக்கொண்டார். பிறகு, பொங்கலுக்குள் ரேகை விழாவிட்டால் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் அம்மா மடலில் ஒரு துண்டு அறுப்பாள். மஞ்சள் பால் வடியட்டும் என்று தட்டில் நிறுத்திவைப்பாள். அப்புறம் தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை அலசிக்கொண்டு, "கையக் குடுய்யா" என்பாள். அப்பா கூச்சத்தோடு நீட்டுவார்.

"எரியுதா?"

"இல்லம்மே. சில்லுனு கீது."

எரிச்சல் அடங்கியது, ரேகை வரவில்லை. பொங்கல் முடிந்ததும் அப்பா வீட்டில் உட்கார்ந்தார். அம்மா ஷூ கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். ஆனாலும் கற்றாழை தடவுவதை மட்டும் விடவில்லை.

பங்குனியில் ஒருநாள் அப்பா என்னோடு ரேஷன் கடைக்கு வந்தார். அங்கேயும் அதே பேஜார்தான். எந்த விரலை வைத்தாலும் எடுக்காது, கடைசியில் அம்மாதான் வந்து வைக்கவேண்டும். அன்று அப்பா கட்டைவிரலை வைத்ததும் மிஷின் சத்தம் கொடுத்தது.

"அட, ஒரே வாட்டில எட்த்துக்கிச்சே!" என்றார் கடைக்காரர்.

சாயங்காலம் அம்மா தெருமுனையில் திரும்பும்போதே ஓடிப்போய்க் கத்தினேன்: "எம்மா, கத்தாழ ஜெயிச்சிடுச்சி!" அம்மா வந்து அப்பாவின் கையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலில் கோடுகள் தெளிவாக இருந்தன. வெடிப்புகள் மூடி, தோல் மெத்தென்று இருந்தது.

"நாளைக்கே போய் சூப்பர்வைசராண்ட காட்டறேன்" என்றார் அப்பா.

"வேணாய்யா, போவாத" என்று அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை நாளும் இதற்குத்தானே கற்றாழை அறுத்தாள்?

அப்பா போனார். மிஷின் எடுத்துக்கொண்டது. சித்திரை முடிவதற்குள் கோடுகள் மறுபடியும் அழிந்துபோயின. நான் ஜன்னலோரம் போய் நின்று அந்தச் செடியோடு சண்டை போட்டேன். வேலை இல்லாமல் இருந்ததால்தான் அப்பாவின் கை ஆறியது என்று அப்போது எனக்குத் தெரியாது.