கண்முன்னால் கிடந்த வயல்

2020 நவம்பர் 18, புதன்கிழமை, பிற்பகல் நான்கு பத்து. கண்டாவளையில் தகரக் கூரை பிய்ந்துவிடும்போல மழை. கொரோனா தொற்றிவிடும் என்று என்னைப் பின்னறைக்குள் விட்டு முப்பத்தாறாவது நாள். வாசல் கதிரையில் தேநீரை வைத்துவிட்டுத் திரும்பிய மகனிடம், “வெளியில மழையோ?” என்று கேட்டேன். அவன் நேரே குசினிக்குப் போய்ச் சொன்னான்: “அப்பாவுக்கு அறளை பேந்திட்டுது. கொட்டுற மழைக்குள்ள மழையோ எண்டு கேக்கிறார்.”

“மாமாவை டொக்டரிட்டக் காட்டுங்கோ” என்றாள் மருமகள்.

அறளையாம், வயதுபோய்ப் புத்தி மழுங்கிவிட்டதாம்! பதினேழாம் வாய்பாட்டை இப்போதும் தலைகீழாகச் சொல்வேன்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது பெரியப்பாவுக்கு அம்மாள் வருத்தம் கண்டது. அதை நோய் என்று சொல்லக்கூடாது. அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாளுக்கு அவ்வளவு மரியாதை. பெரியப்பாவைத்தான் வயல் காவல் குடிலில் கொண்டுபோய் விட்டார்கள். படலையில் வேப்பிலை கட்டினார்கள், கறி தாளிக்கவில்லை. மனைவி மக்கள் இல்லாத மனிதர், ஏன் என்று கேட்க ஆளில்லை. அந்த வருத்தம் எனக்கு முன்பே வந்து போயிருந்ததால் கஞ்சி கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது. வரம்பில் வைத்துவிட்டு வாய் திறக்காமல் திரும்ப வேண்டும், பேசினால் அம்மாள் கோபிப்பா என்பது அப்பாவின் சட்டம்.

கொப்புளங்கள் காய்ந்தன. மூன்றாம் தண்ணீரும் வார்த்தாயிற்று. ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்றார்கள். பயத்துக்குத் தண்ணீர் வார்க்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

அன்று குடில் வாசலில் குந்தியிருந்த பெரியப்பா கேட்டார்.

“தம்பி, கதிர் முத்தீட்டுதோடா?”

அவருடைய காலடியிலேயே கதிர்கள் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஓம் பெரியப்பா, முத்தீட்டுது.”

பிறகு வெயிலோ என்று கேட்டார். கொக்கு வந்திருக்கிறதோ என்று கேட்டார். எல்லாம் அவருக்கு முன்னாலேயே இருந்தன. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். அவர் முகம் கழுவி விட்டதுபோல இருந்தது.

ஏன் பிந்தினாய் என்று வீட்டில் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. “அண்ணைக்குக் காய்ச்சல் தலைக்கேறிட்டுது” என்றார் அம்மாவிடம். பெரியப்பாவுக்கு அறுவடை முடியும்வரை குடில் என்று தீர்ப்பாயிற்று. வாய் திறந்த எனக்குப் பூவரசங்கம்பு. அழுதுகொண்டே பெரியப்பாவைத்தான் திட்டினேன். கண்முன்னால் கிடக்கிற வயலை என்னிடம் எதற்குக் கேட்டார்?

அவர் கேட்டது நெற்கதிரைப் பற்றி அல்ல என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. தெரியாமலே பதில் சொன்னேன். என் மகனுக்கு நாற்பத்தொரு வயது. மழைக்கு ஓம் என்றிருந்தால் அவனுக்கு ஒரு அடியும் விழுந்திராது.

எனக்கு ஏழு விழுந்தது.